ரொட்டிக்கல் இருக்கு, மீன் எங்கே?

போனைத் திறந்தால் யாராவது ஒருத்தர் மீன் வாட்டிக்கொண்டிருக்கிறார். கறுப்பு ஏப்ரன், பளபளக்கிற பேன், தோல் பக்கம் மொறுமொறு, உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். மேலே "ரெஸ்டாரண்ட் ஸ்டைல் மீன், இனி உங்க வீட்டிலேயே!" என்று ஒரு தலைப்பு. அந்த மீனோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் இல்லை. பார்த்தால் நாக்கு ஊறுது, அதை மறைக்க மாட்டோம். சண்டை அந்த 'ரெஸ்டாரண்ட் ஸ்டைல்' என்ற சொல்லோடுதான். ஒரு கைவேலையை அது ரெஸ்டாரண்டின் பேரில் உறுதி எழுதிக் கொடுத்துவிடுகிறது. காணி உறுதி இல்லாமல் இருநூறு வருஷம் வாழ்ந்த சனத்துக்கு இந்த வேலை நல்லாத் தெரியும். உழைப்பது ஒருத்தர், பேர் இன்னொருத்தருக்கு.

இதே குரலை நாங்க வேறொரு இடத்திலும் கேட்டு வளர்ந்தோம். சத்துணவு விழிப்புணர்வுக் கூட்டங்களில். "தோட்டத்து மக்களுக்குப் புரதம் பற்றி அறிவு குறைவு. எதையும் குழம்புல போட்டுக் கொதிக்க வச்சுச் சத்தையெல்லாம் போக்கிடுறாங்க." சொல்லிவிட்டு ஒரு வண்ணப் படம் காட்டுவார்கள். மீன், முட்டை, பால், பழம். கூட்டம் முடிந்ததும் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மீன் படத்தோடேயே போய்விடும்.

நாங்க சொல்வது இதுதான்: கொட்டகலையைச் சுற்றி இருக்கிற லயங்களில் பஞ்சம் அறிவுக்கு இல்லை, மீனுக்கு. நல்லா வாட்டின ஒரு துண்டு மீனின் ருசி சம்பளக் கணக்குக்குள்ளே வரவேண்டிய விஷயம். வெளியே நிற்கிற ஆடம்பரம் இல்லை.

முதலில் அந்த வித்தை என்னவென்று பார்ப்போம். மீன் பொரியல் வேறு, இது வேறு. பொரியலில் மீன் எண்ணெயில் நீந்தும். இதில் இரும்பின் மேல் கொஞ்சமாக எண்ணெய், நல்ல சூடு, மீனை அசைக்காமல் விடுகிற பொறுமை. அவ்வளவுதான். சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருவதை 1912இல் பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மையார் விளக்கினார். அது வேகமாக நடக்க 140 பாகை செல்சியஸுக்குக் கிட்டச் சூடு வேண்டும். தண்ணீரோ 100 பாகையைத் தாண்டாது. அதனால் மீனின் மேலே ஈரம் இருக்கும்வரை அது அவியுமே தவிரச் சிவக்காது. முழு ரகசியமும் ஈரத்தை முதலில் விரட்டுவதில் இருக்கிறது. தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு இதை யார் சொல்லித்தர வேண்டும்? பறித்த கொழுந்துக்கு அங்கே முதலில் நடக்கிற வேலையின் பேரே வாட்டுதல். ஈரம் இறங்காமல் தேயிலைக்கு மணம் ஏறாது.

இன்னொரு விஷயம். கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கு. இந்த உயரத்தில் தண்ணி 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். நம்ம பருப்பு வேக நேரமெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சூடான இரும்புக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. கொழும்பில் எப்படிச் சிவக்குமோ, டிரேட்டன் மலையிலும் அப்படியே சிவக்கும்.

அந்த இரும்பு நம்ம எல்லார் வீட்டிலும் இருக்கு. ரொட்டிக்கல். பெரட்டுக்குப் போகும் முன் விடியற்காலையில் எழும்பி, இருட்டில் ரொட்டி சுடுகிற அம்மாமாரின் கையைக் கவனித்துப் பாருங்க. கல் காய்ந்ததா என்று ஒரு சொட்டுத் தண்ணி தெளிப்பார்கள். சொட்டு முத்தாக உருண்டு ஓடினால் கல் தயார். ரொட்டியைப் போட்டதும் நோண்ட மாட்டார்கள். வெந்த ரொட்டி கல்லை விட்டுத் தானாக எழும்பும், வேகாததை இழுத்தால் பிய்யும். மேலே விழுகிற அந்தப் பழுப்புப் புள்ளிகள் மையார் சொன்ன அதே வேதியியல். சமையல் பள்ளிக்கூடத்தில் காசு கட்டிப் படிக்கிற பாடத்தின் முக்கால்வாசி இந்த மூன்று காரியத்தில் முடிந்துவிட்டது.

ரெஸ்டாரண்ட் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நினைக்கவும் வேண்டாம். "அதிகச் சூட்டில் போட்டால் மேல்பக்கம் அடைபட்டு, சாறு வெளியே போகாது" என்று இன்றைக்கும் பல சமையல்காரர்கள் சொல்றாங்க. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபொன் லீபிக் பரப்பிய கருத்து அது. தவறென்று பலர் சோதித்துக் காட்டிவிட்டார்கள். 1984இல் வந்த ஹரோல்ட் மெக்கீயின் புத்தகம் அதை விளக்கமாகவே எழுதியது. சிவந்த தோல் எதையும் அடைப்பதில்லை. கல்லில் வருகிற 'உஸ்' சத்தமே தண்ணி வெளியேறுகிற சத்தம்தான். வாட்டுவது ருசிக்காக. ருசிக்காக மட்டும். இந்த வரியை ஞாபகத்தில் வைங்க, பின்னால் வேண்டியிருக்கும்.

இனி செய்முறை. பேனும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம்.

பாரையோ தலபத்தோ கிடைத்தால் ரெண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் துண்டு போடுங்க. திலாப்பியா என்றால் செதிலை நல்லாச் சுரண்டி, நடுமுள்ளை ஒட்டிக் கத்தியைப் படுக்க வைத்து, தோலோடு ரெண்டு பக்கச் சதையையும் எடுங்க. தலையும் முள்ளும் குழம்புக்கு, எதுவும் வீண் இல்லை. குளத்து மீனில் சேற்று வாடை இருந்தால் தேசிக்காய்ப் புளியில் கொஞ்ச நேரம் ஊற வைத்துக் கழுவினால் குறையும். பிறகு உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைங்க. உப்பு இழுத்து வெளியே கொண்டுவருகிற தண்ணியைச் சுத்தமான பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்க. ஒற்றினது போதும் என்று தோன்றும்போது இன்னொரு தரம் ஒற்றுங்க. மஞ்சளும் மிளகாய்த்தூளும் இப்போது வேண்டாம். மீன் சிவக்கும் முன்னே தூள் கருகிக் கசந்துவிடும்.

கல் காய்ந்து சொட்டு உருண்டதும், ஈரம் முழுக்கப் போனபிறகு ஒரு கரண்டி தேங்காயெண்ணெய். புகை லேசாக எழும்பத் தொடங்கும்போது தோல் பக்கம் கீழே வருகிற மாதிரி மீனை வைங்க. சூட்டில் தோல் சுருங்கி வளையும், அகப்பையால் பத்து விநாடி அழுத்திப் பிடிங்க. அப்புறம் தொடாதீங்க. மூணு நாலு நிமிஷத்தில் ஓரத்திலிருந்து வெள்ளை ஏறிவரும், மீன் கல்லை விட்டுத் தானாக அசையும். திருப்பிப் போட்டு இன்னும் ரெண்டு நிமிஷம். சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் முழுக்க வெள்ளையாகி, விரலால் தள்ளினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். குளத்து மீனை அரைவேக்காட்டில் சாப்பிடக் கூடாது. இறக்கி, மிளகுத்தூள், தேசிக்காய். தேயிலை மிலாறு எரிகிற அடுப்பென்றால் சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. கேஸ் அடுப்புக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

முடிஞ்சது. இதில் நமக்குத் தெரியாதது எது?

"அப்படியென்றால் ஏன் எல்லாத்தையும் புளியில போட்டுக் கொதிக்க வைக்கிறீங்க?" என்ற கேள்வி வரும். நல்ல கேள்வி. பதில் ரோட்டில் இருக்கு. பேலியகொடைச் சந்தையில் ஏற்றின மீன் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் என்று வளைந்து வளைந்து மலையேறி, கொட்டகலைக் கடைக்கு வந்து, அங்கிருந்து பெட்டி கட்டின மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு வர எத்தனை மணி நேரம்? வழியில் எத்தனை தரம் ஐஸ் உருகியிருக்கும்? கடல்மீன் பழசாகும்போது வருகிற அந்த வாடைக்குக் காரணம் ட்ரைமெதிலமீன் என்ற பொருள். புளிப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்றில் ஏற விடாது. புளியும் கொறக்காயும் தக்காளியும் போட்டுக் கொதிக்க வைத்த நம்ம பாட்டிமார் ஐஸ் இல்லாத ரோட்டுக்கு வேதியியலால் பதில் சொன்னவர்கள். அதை அறியாமை என்று சொல்கிறவருக்குத்தான் வகுப்பெடுக்க வேண்டும்.

ஆனால் குழம்பு எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. கெலவல்லா, பலயா மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, அரித்து, "எனக்கு அந்த மீன் ஒத்துக்காது" என்று நம்ம ஆட்கள் சொல்றாங்களே, அதில் பல நேரம் ஒத்துக்காதது மீன் இல்லை, மீன் வந்த விதம். வாட்டின மீனுக்கு ஒளிய இடமில்லை. உப்பும் மீனும் மட்டும்தான். பழைய மீனை வாட்டினால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதனால்தான் அது நம்ம அடுப்பில் ஏறவில்லை.

வாட்டத் தெரிந்த கைகள் எங்கே போயின என்று கேளுங்க. கொழும்புக்குப் போயின. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை நம்மில் எத்தனை பேர் கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கக் குசினியில் நின்றிருக்கிறோம்? வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, பாத்திரம் கழுவி, ஆள் வராத ஒரு நாளில் அடுப்புப் பக்கம் நிறுத்தப்பட்டு, பிறகு அங்கேயே நின்றுவிட்ட அண்ணன்மார் லயத்துக்கு ஒருத்தராவது இருக்காங்க. வெள்ளைத் தட்டில் மொறுமொறுவென்று போகிற அந்த 'ரெஸ்டாரண்ட் ஸ்டைல்' மீனைப் பல இடங்களில் திருப்பிப் போடுவது மலையகத்துக் கைதான். தீபாவளிக்கு அவர் லயத்துக்கு வந்தால் வீட்டில் டின் மீன். சமைக்கத் தெரியாமலா?

இது புதுக்கதையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் டிரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் குஞ்சு விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ டிரவுட் இன்றைக்கும் இருக்கு. வாட்டுவதற்கென்றே பிறந்த மாதிரி மீன் அது. அது விடப்பட்டது துரைமாரின் தூண்டில் விளையாட்டுக்கு. அதே மலையில் லயத்துக்கு அரிசியை அளந்து கொடுத்து, அந்தக் காசைச் சம்பளத்தில் பிடித்தார்கள். துரையின் பொழுதுபோக்குக்கு மீன் கடல் தாண்டி வந்தது. தொழிலாளியின் தட்டுக்குப் பள்ளத்து ஓடையிலிருந்து மேட்டு லயத்துக்குக் கூட ஏறவில்லை.

இப்போது நம்மைச் சுற்றித் தண்ணீருக்குக் குறையா? 1960களில் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள் போனது. 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை இயங்கத் தொடங்கியது. மின்சாரம் எங்கே போகிறது என்பது தெரியும். மீன்? இந்த நாட்டுக்குத் திலாப்பியா 1952இல் வந்தது. நாட்டின் குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் உள்நாட்டு மீன்பிடி வளர்ந்தது அதனாலேயே. 1990இல் மத காரணங்களைச் சொல்லி அரசு உள்நாட்டு மீன்வளத்துக்கான ஆதரவையே நிறுத்திவிட்டு, 1994இல்தான் திரும்பத் தொடங்கியது. ஏழையின் தட்டில் எது இருக்கலாம் என்று மேலே இருந்து தீர்மானிப்பது இப்படித்தான் நடக்கும். கடலிலிருந்து மலைக்கு மீன் கொண்டுவருவது கஷ்டம் என்பதை ஏற்றுக்கொள்வோம். மலையிலேயே இருக்கிற தண்ணீரிலிருந்து லயத்துக்கு மீன் கொண்டுவர என்ன கஷ்டம்?

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். பல வருஷம் கத்தி, 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550, அதோடு வரவுக் கொடுப்பனவு 200, ஆக 1,750 என்றார்கள். இதெல்லாம் முழுப்பேர் விழுந்தால். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மழை பிடித்தால், மலையில் கொழுந்து இல்லையென்றால் அதுவும் இல்லை. அஞ்சு பேர் வீட்டில் ஆளுக்கு 150 கிராம் மீன் என்று வைத்தால் 750 கிராம் சதை. தலை, முள், குடல் கழித்தால் கடையில் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும். ஒரு கிலோ தோரா மீனின் விலை ஒரு நாட்சம்பளத்தைத் தாண்டிப் பல வருஷமாச்சு. ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்தெடுத்து, அட்டைக்கடி பட்டு, அந்தக் காசு முழுவதையும் ஒரே வேளை மீனுக்குக் கொடுத்தாலும் பத்தாது. அரிசியும் மாவும் எங்கிருந்து வரும்?

2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு ஒரு கணக்குச் சொன்னது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க 17 வீதம், தோட்டத்துறையில் 32 வீதம். மீன் இல்லாதது மட்டுமே இதற்குக் காரணம் என்று நாங்க சொல்லவில்லை. தண்ணி, மலசலகூடம், தாயின் உடல்நிலை, புள்ளகாம்பிராவின் நிலை எல்லாம் இதில் இருக்கு. ஆனால் இந்த எண்ணுக்கு மருந்தாக வண்ணப் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்கத் தயாரில்லை. "அறிவில்லை" என்று சொல்வது மலிவு. ஒரு பேனரோடு முடிந்துவிடும். "காசில்லை" என்று ஒத்துக்கொண்டால் யாரோ காசு கொடுக்க வேண்டி வரும்.

இந்த இடத்தில் நம்ம பக்கத்துத் தோழர்களே குறுக்கிடுவார்கள். "முதல்ல வயிறு நிறையட்டும். ருசியெல்லாம் பிறகு. டின் மீன்லயும் புரதம் இருக்குத்தானே? நெத்தலியில இல்லாத சத்தா?" இருக்கு. 425 கிராம் டின்னில் நல்ல புரதம் இருக்கு. நெத்தலிக் கருவாட்டில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கு. நாங்க ரெண்டையும் விரும்பித்தான் சாப்பிடுறோம். கருவாட்டைத் தணலில் சுட்டு, பச்சை மிளகாயோடு ரொட்டிக்கு வைத்தால் அதுக்கு ஈடில்லை. பிரச்சினை கருவாடு இல்லை, வேற எதையும் தெரிவு செய்ய முடியாததுதான். "உயிர் பிழைக்கிற அளவு போதும்" என்பது அரிசி அளந்து கொடுத்த கணக்கப்பிள்ளையின் தர்க்கம். அதைத் தொழிற்சங்க மேடையில் நாமே பேசினால் துரைக்கு வேலை மிச்சம்.

யோசித்துப் பாருங்க, நம்ம தொழிலே ருசியை விற்கிற தொழில். 1883இலிருந்து கொழும்பில் தேயிலை ஏலம் நடக்கிறது. அதற்கு முன்னால் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றாக உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பி, தரம் சொல்வதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்காங்க. ரெண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பார்த்துப் பறிக்கச் சொல்வது யாருடைய பசிக்காக? பசிக்கு முற்றின இலையும் போதுமே. அது உலகத்தின் நாக்குக்காக. அந்த நாக்கு கேட்டால் ருசிக்கு விலை உண்டு. நம்ம நாக்கு கேட்டால் "வயிறு நிறைஞ்சாப் போதாதா?" வாட்டுவது ருசிக்காக மட்டும் என்று மேலே சொன்னோமே, அதைத்தான் நாங்க கேட்கிறோம். வெட்கமில்லாமல், தெளிவாக, ருசிக்காக.

2018 அக்டோபரில் கொழும்பில் வேலை செய்கிற மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் கூடினார்கள். 1,000 ரூபா என்ற எண்ணை நாடு முழுக்கக் கேட்க வைத்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் எண் மட்டும் போதாது என்பதை அந்த 1,000 ரூபாவே காட்டிவிட்டது. கையில் வந்த மறுவருஷமே, 2022 நெருக்கடியில், விலைவாசி அதைத் தின்று தீர்த்தது. அதனால் அடுத்த தரம் பேச்சுவார்த்தை மேசையில் எண்ணோடு ஒரு தட்டையும் வைக்க வேண்டும். அஞ்சு பேர் வீட்டுக்கு வாரத்தில் ரெண்டு நாள் நல்ல மீன் வாங்க எவ்வளவு, அதற்கு எத்தனை பேர் விழ வேண்டும் என்று கேட்க வேண்டும். நீர்த்தேக்கத்து மீனை ஐஸ் பெட்டியில், எழுதி ஒட்டின விலையில், தோட்டத்துக்கே கொண்டுவந்து விற்கும் ஏற்பாட்டைப் பிரதேச சபையிடமும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபையிடமும் கேட்க வேண்டும். விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வருகிறவர்களிடம், படத்துக்குப் பதில் ஒரு பெட்டி மீன் கொண்டுவாங்க, சமையலை நாங்க பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

அதுவரைக்கும், எப்போதாவது நல்ல மீன் ஒன்று கைக்கு வந்தால் மேலே எழுதின மாதிரி ரொட்டிக்கல்லில் வாட்டிப் பாருங்க. விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிற கம்பஸ் பிள்ளைகள் முதலில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நீங்களே அடுப்புக்குப் போங்க, விடியக்காலை ரொட்டி சுட்ட கைக்கும் ஓய்வு வேண்டும். நல்லா வந்தால் படம் எடுத்துப் போடுங்க. தலைப்பில் 'ரெஸ்டாரண்ட் ஸ்டைல்' என்று எழுதாதீங்க. உங்க தோட்டத்தின் பேரை எழுதுங்க. கூடவே அந்த மீன் என்ன விலை, அது எத்தனை நாட்சம்பளம் என்பதையும்.